அரை மணி நேரம் எங்கே போனது?

1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி இரவு. கோலாலம்பூரில் மணி 11.30. அடுத்த கணமே 12.00! புத்தாண்டு அரை மணி நேரம் முன்னதாகவே வந்து வாசலில் நின்றது. சபாவும் சரவாக்கும் ஒரு நேரத்தில், தீபகற்ப மலேசியா இன்னொரு நேரத்தில் என்று இருந்த நிலையை மாற்ற, நாடு முழுமைக்கும் ஒரே நேரத்தை வகுக்கும் சட்டம் அந்த ஆண்டுதான் இயற்றப்பட்டிருந்தது. அதன்படி தீபகற்பத்தில் எல்லாரும் கடிகார முள்ளை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். சிங்கப்பூரும் அதே இரவில் தள்ளி வைத்தது.

அந்த அரை மணி நேரம் எங்கே போனது? வேடிக்கையான கேள்விதான். யாருடைய ஆயுளிலும் அது கழிந்துவிடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைக்கும், கிள்ளான் தோட்டத்தில் இருட்டோடு எழ வேண்டிய பால்வெட்டுத் தொழிலாளிக்கும் அந்த இரவு வழக்கமான நீளம்தான். மாறியது முள் மட்டும்.

முள் மாறியது அது முதல் முறையும் அல்ல. 1905இல் இங்குள்ள நேரம் கிரீனிச்சை விட 7 மணி முன்னே என்று வைத்தார்கள். 1933இல் அதோடு 20 நிமிடம் சேர்ந்தது. 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம். 1942இல் ஜப்பானியர் வந்து தோக்கியோ நேரத்தைத் திணித்தார்கள். ஒரே அடியில் ஒன்றரை மணி நேரம் முன்னே போயிற்று. 1945இல் அவர்கள் போனதும் பழைய நேரம் திரும்பியது. பிறகு 1982. ஆக, 77 ஆண்டுகளில் ஆறு மாற்றங்கள். சூரியனைக் கேட்டால் அது வேறு கணக்குச் சொல்லும். அதன் கணக்கில் கோலாலம்பூர் கிரீனிச்சை விட 6 மணி 47 நிமிடம்தான் முன்னே இருக்கிறது. அதனால்தான் இங்கே உச்சி வெயில் 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.15க்கு வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் பேருந்து ஏறுவதும் அதனால்தான். சூரிய உதயத்திலிருந்து கணக்கிட வேண்டிய ராகு காலத்தை, 6 மணிக்கு விடிவதாக எண்ணிப் பார்ப்பவர்கள் இந்த ஒரு மணி நேரச் சொச்சத்தை என்ன செய்கிறார்கள் என்பது தனி விவாதம்!

சுவர்க் கடிகாரம் அரசாங்க உத்தரவுக்குக் கட்டுப்படும். மனிதனுக்குள்ளே ஓடும் கடிகாரம் எந்த உத்தரவுக்கும் கட்டுப்படாது. மருத்துவமனை வாசலில் 10 நிமிடம் ஒரு யுகமாகிறது. பிடித்த படத்தில் 3 மணி நேரம் போன இடம் தெரியவில்லை. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஏன் அப்படி என்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்த தமிழர்களின் கதையே பாதி விடையைச் சொல்லும். ஆனால் அந்தக் கதைக்கு வெகுகாலம் முன்பே நம்மவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குவதே முறை.

பத்துப்பாட்டில் ஒன்று முல்லைப்பாட்டு, பாடியவர் நப்பூதனார். போருக்குப் போன அரசன் பாசறையில் இருக்கிறான். அங்கே நாழிகைக் கணக்கர்கள், நீர் வடியும் கன்னலைப் பார்த்து இன்ன நேரம் ஆயிற்று என்று அவனுக்கு அறிவிக்கிறார்கள். அரசியோ அரண்மனையில் அவன் வரவை எண்ணித் தவிக்கிறாள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடிகாரம் இருப்பது அவனிடம். நேரம் நகராமல் வதைப்பது அவளை.

வள்ளுவர் இன்னும் நுட்பமாகப் போகிறார். 'அவர்வயின் விதும்பல்' என்ற அதிகாரத்தின் முதல் குறளிலேயே, பிரிந்து போனவன் சென்ற நாட்களைத் தொட்டுத் தொட்டு எண்ணி விரல் தேய்ந்த பெண் வருகிறாள். அதே அதிகாரத்தின் ஒன்பதாம் குறளில், தொலைவில் சென்றவர் திரும்பும் நாளையே நினைத்து ஏங்குபவருக்கு ஒரு நாள் ஏழு நாள் போலப் போகும் என்கிறார். துன்பப்படுகிறவருக்கெல்லாம் நாள் நீளும் என்று அவர் பொதுவாகச் சொல்லவில்லை. ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்திருப்பவருக்குத்தான் நீளும் என்கிறார். இன்றைய உளவியல் பல சோதனைகள் செய்து வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய இதுதான்.

டான் ஸகாய், ரிச்சர்ட் பிளாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மூளைக்குள் ஏதோ ஒன்று துடித்துக்கொண்டே இருப்பதாகவும், அந்தத் துடிப்புகள் ஒரு வாயில் வழியே சென்று எண்ணப்படுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாயிலைத் திறப்பது கவனம். நேரத்தைக் கவனித்தால் வாயில் அகலத் திறக்கும், துடிப்புகள் எல்லாம் எண்ணப்படும், நேரம் நீளும். கவனம் வேறொரு வேலையில் மூழ்கினால் வாயில் ஒடுங்கும், பல துடிப்புகள் எண்ணாமல் போகும், நேரம் சுருங்கும். மண்டையைத் திறந்தால் இப்படி ஒரு வாயில் தெரியும் என்று பொருளல்ல. இது ஓர் உருவகம். ஆனால் பல சோதனைகளின் முடிவுக்குப் பொருந்தும் உருவகம்.

இனி கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருவோம்.

நாழிகை என்பது 24 நிமிடம். நாழிகையிலும் சாமத்திலும் வாழ்ந்தவனுக்கு நிமிடம் தேவைப்படவில்லை. அதை இங்கே கொண்டுவந்தது ரயில். 1886 செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. 1890இல் ஆற்றின் மேல் பாலம் போட்டுக் கிள்ளான் நகருக்கே வந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. இடையில், 1897இல், விக்டோரியா மகாராணியின் வைர விழா ஊர்வலத்தின்போது, இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் எனப்படும் மாளிகையின் மணிக்கூண்டு முதன்முதலாக ஒலித்தது. ரயில் வந்ததும் நிலையத் தலைவர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் வந்தார்கள். பாதை போடவும் பராமரிக்கவும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளின் ஊராயிற்று. வண்டி நேரம் பார்த்துச் சோறு வடித்த ஊர் என்றே சொல்லலாம்.

ஆனால் மேடையில் தொங்கும் கடிகாரத்துக்கு ஒரு குணம் உண்டு. அதைப் பார்க்கப் பார்க்க வண்டி வராது! காத்திருப்பின் உளவியலைப் பற்றி 1985இல் எழுதிய டேவிட் மைஸ்டர் இரண்டு விஷயங்களைச் சொன்னார். சும்மா இருந்து காத்திருப்பது, ஏதாவது செய்துகொண்டு காத்திருப்பதை விட நீளம். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பது, தெரிந்து காத்திருப்பதை விட நீளம். இன்று எல்ஆர்டி நிலையங்களில் அடுத்த ரயில் 3 நிமிடத்தில் என்று பலகை காட்டுகிறது. ரயில் அதனால் ஒரு நொடிகூட வேகமாக வருவதில்லை. ஆனாலும் நெஞ்சு ஆறுகிறது.

ரயிலடியில் கடிகாரம் ஆண்டது என்றால் தோட்டத்தில் பெரட்டு ஆண்டது. விடிவதற்கு முன்பே தப்போ மணியோ ஒலிக்கும். லயத்திலிருந்து எழுந்து வந்து, பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று, பேர் கொடுத்துவிட்டுத்தான் காட்டுக்குள் போக வேண்டும். பால்மரத்துக்கும் அதன் சொந்த நேரம் உண்டு. வெயில் ஏறும் முன், மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும் வேளையில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால் துரை கடிகாரத்தைப் பார்த்தாலும், வெட்டுகிறவர் பார்த்தது வானத்தைத்தான்.

பால் வெட்டுவது வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் வேலை. ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி கீறல், ஒரு நாளைக்குச் சில நூறு மரங்கள். ஆனால் அந்தக் கீறலுக்குக் கையும் கண்ணும் முழுதாக வேண்டும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரம் காயப்பட்டு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அப்படி மரத்துக்கு மரம் கவனம் போகிறபோது நேரத்தை எண்ண மனத்துக்கு இடம் ஏது? வெட்டி முடித்த பிறகுதான் சோதனை. பால் மங்கில் நிறையும் வரை இருந்து, பிறகு சேகரித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்து, நிறுவைக்கு வரிசையில் நிற்க வேண்டும். வெளிக்காட்டு வேலையில் புல் வெட்டியவர்களுக்கு அந்த மூழ்கலும் கிடைத்திருக்காது. முதுகுக்குப் பின்னால் கங்காணியின் கண். முன்னால் முடியாத புல். உடலுழைப்பில் இரண்டும் கடுமைதான், ஆனால் இரண்டு மணி நேரமும் ஒரே மணி நேரம் அல்ல.

இதை அழகான வாழ்க்கையாக்கிப் பார்ப்பதும் தவறு. ஒருவர் தன் கவனத்தை எதில் வைக்கலாம் என்பதைக்கூட இன்னொருவர் தீர்மானித்த வாழ்க்கை அது. 1941இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. பத்திரிகையாளரான ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளரைத் திரட்டியது. கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுதல், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல் என்று நீண்ட அந்தக் கோரிக்கைப் பட்டியலில், 10 முதல் 12 மணி நேர வேலை நாளை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. தோட்டத்துப் பாட்டாளிகள் தங்கள் நேரத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பதிலுக்கு மே மாதம் நாதன் கைதானார், பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐவர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் கடிகாரத்தை 10 நிமிடம் முன்னே தள்ளி வைத்தது. அதற்கு யாரும் எதிர்ப்புத் தெரிவித்ததாக இந்த வரலாற்றில் பேசப்படுவதில்லை. முள் எங்கே நின்றாலும் பெரட்டு இருட்டில்தானே!

மூன்றே மாதத்தில் போர் வந்தது. தோக்கியோ நேரம் வந்தது. 1943இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். கொஞ்ச நாள் வேலை, நல்ல கூலி என்று சொல்லிக் கூட்டிப் போனதும் உண்டு. கட்டாயமாக லாரியில் ஏற்றியதும் உண்டு. அந்த ஆண்டு அக்டோபரில் பாதை முடிந்தது. பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோர் போர் முடிந்த பிறகே வந்தார்கள். அந்தக் கொடுமையைத்தான் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாக எழுதினார்.

லயங்களில் தங்கிவிட்ட பெண்களை நினைத்துப் பாருங்கள். வள்ளுவர் காட்டும் பெண்ணுக்கு எண்ணுவதற்கு நாளாவது இருந்தது. அவன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கை இருந்தது. இவர்களுக்குக் கடிதம் இல்லை, தகவல் இல்லை, வரும் நாள் இல்லை, இறந்த நாள்கூட இல்லை. முடிவு தெரியாத காத்திருப்பு, முடிவு தெரிந்த காத்திருப்பை விட நீளம் என்று மைஸ்டர் பின்னாளில் எழுதியது வங்கி வரிசையையும் உணவக வரிசையையும் பார்த்து. இந்தப் பெண்களைப் பார்த்திருந்தால் அவருடைய சொல் வேறாக இருந்திருக்கும்.

தோட்டத்துப் பெரியவர்கள் பேசும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். ஜப்பானியர் ஆட்சி மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதல். ஆனால் அவர்கள் வாயில் அது 'ஜப்பான்காரன் காலம்'. ஒரு முழு யுகம். அதற்குப் பிறகு அதே தோட்டத்தில் 30 ஆண்டுகள் மரம் வெட்டியிருப்பார்கள். அதைக் கேட்டால், "வேலைக்குப் போனோம், வந்தோம்" என்று முடிந்துவிடும். மூன்றரை ஆண்டு பெரிதாகவும் 30 ஆண்டு சிறிதாகவும் ஆனது எப்படி?

இதற்கு வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890இலேயே விடை எழுதிவிட்டார். நேரத்துக்கு இரண்டு நீளங்கள் உண்டு. கடக்கும்போது ஒன்று, திரும்பிப் பார்க்கும்போது இன்னொன்று. புதிய அனுபவங்கள் நிறைந்த நாள் கடக்கும்போது சட்டென்று போகும்; பிறகு நினைவில் நீண்டு நிற்கும். வெறுமையான நாள் கடக்கும்போது இழுக்கும். நினைவில் ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். கவனம் முதல் நீளத்தை ஆள்கிறது. நினைவு இரண்டாவதை ஆள்கிறது. அச்சமும் பசியும் நிறைந்த ஜப்பான்காரன் காலம் இரண்டு கணக்கிலும் நீண்டது. ஒரே மாதிரி பெரட்டும் ஒரே மாதிரி நிரையுமாகப் போன 30 ஆண்டு நினைவில் ஒரு வரியாகச் சுருங்கியது.

இந்தச் சுருக்கத்தைத் தன் உடம்பிலேயே சோதித்தவர் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர். 1962இல், 23 வயதில், ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் தனியாக இருந்தார். வெளியே இருந்த உதவியாளர்கள் செப்டம்பர் 14 ஆயிற்று என்று சொன்னபோது, அவருடைய கணக்கில் ஆகஸ்ட் 20தான் ஆகியிருந்தது! நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணச் சொன்னார்கள். 2 நிமிடம் என்று நினைத்து எண்ணியவருக்கு 5 நிமிடம் ஆயிற்று. இருட்டும் குளிரும் தவிர நினைவில் நிறுத்த ஒன்றுமில்லாத நாட்கள். அவற்றில் 25 நாட்கள் சுவடில்லாமல் கரைந்துவிட்டன.

மகிழ்ச்சி நேரத்தைச் சுருக்கும் என்பதிலும் ஒரு திருத்தம் உண்டு. அலபாமா பல்கலைக்கழகத்தின் பிலிப் கேபிள், பிரையன் பூல் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெறும் மனநிறைவு மட்டும் நேரத்தை அவ்வளவாக விரட்டுவதில்லை. ஒன்றை நோக்கிப் போகும் ஆசை கலந்த மகிழ்ச்சிதான் விரட்டுகிறது. தைப்பூசத்தில் இதை நேரில் காணலாம். தலைநகர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு வெள்ளி ரதத்தோடு நடப்பவர்கள் இரவெல்லாம் நடக்கிறார்கள். கேட்டால் நடந்ததே தெரியவில்லை என்பார்கள். அதே பத்துமலைக்கு, 2010இல் தொடங்கிய கொமுட்டர் ரயிலில் அரை மணி நேரம் போகிறவர், இன்னும் எத்தனை ஸ்டேஷன் என்று மூன்று முறை கேட்பார்.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாட்களும் அப்படித்தான். படம் வரும் நாளுக்காக ஒரு வாரம் நகராமல் கிடக்கும். படம் தொடங்கினால் ரீல் மாற்றுவதுதான் தெரியும், முடிந்தது தெரியாது. பிறகு அடுத்த வாரம் முழுக்க அந்தப் படத்தைப் பேசியே வேலை நடக்கும். 1963 டிசம்பரில் மலேசியாவுக்குத் தொலைக்காட்சி வந்த பிறகும், வாரத்துக்கு ஒரு தமிழ்ப்படம் என்ற அளவில் இந்த ஏக்கம் நெடுநாள் தொடர்ந்தது. 1996இல் அஸ்ட்ரோ வந்து அதை முடித்து வைத்தது. வசதிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இன்று எத்தனை பேருக்குப் போன செவ்வாய்க்கிழமை பார்த்த படம் நினைவிருக்கும்?

கைத்தொலைபேசி இன்னும் விநோதமானது. கிள்ளானில் ரயில் ஏறியவர் தலை நிமிரும்போது கே.எல். சென்ட்ரல் வந்திருக்கும். துண்டு துண்டான காட்சிகள் கவனத்தை முழுதாகப் பிடுங்கிக்கொள்வதால் நேரம் பறக்கிறது. ஆனால் எதுவும் மனத்தில் தங்காததால், இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்தால் அந்த ஒரு மணி நேரம் இருந்த தடமே இல்லை. புல் வெட்டியவருக்கு நேரம் கடக்கும்போதாவது நீளமாக இருந்தது. திருவிழாவுக்குப் போனவருக்கு நினைவிலாவது நீளமாக இருந்தது. இதில் இரண்டு பக்கமும் நட்டம். தீபாவளி முடிந்த மாதிரியே இல்லை, அதற்குள் அடுத்தது வந்துவிட்டதே என்று பலர் அலுத்துக்கொள்வதற்கு வயது மட்டும் காரணமல்ல. அதே வேளையில், பிள்ளைகள் வேலைக்குப் போன வீட்டில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு மாலை 4 மணி 5 ஆவதற்குள் முல்லைப்பாட்டு அரசியின் பொழுதே கழிகிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு கடிகாரங்கள்.

1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி இரவு, கோலாலம்பூரின் மணிக்கூண்டுக்கு எதிரே உள்ள திடலில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன் துங்கு அப்துல் ரஹ்மான் வந்து சேர்ந்தார். விளக்குகள் அணைக்கப்பட்டன. 2 நிமிடம் முழு இருட்டு. பிறகு கடிகாரம் 12 அடித்தது, விளக்குகள் எரிந்தன, பிரிட்டிஷ் கொடி இறங்கியது, மலாயாக் கொடி ஏறியது. அந்த இருட்டில் பார்க்க ஒன்றுமில்லை, செய்ய ஒன்றுமில்லை. எல்லாருடைய கவனமும் வரப்போகும் ஒரே கணத்தின் மேல். அன்று தகப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகளுக்கு இன்று 70 வயதைத் தாண்டியிருக்கும். 1958ஆம் ஆண்டு எப்படிப் போயிற்று என்று அவர்களைக் கேட்டால் யோசிப்பார்கள். அந்த 2 நிமிட இருட்டைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள்.